பாதிக்கடலில் திரும்பிய கொம்பியூட்டர்

குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குப் போகும் படகில் போன மாதம் இரண்டு பொடியங்கள் சண்டை பிடித்தார்கள். கைச்சண்டை இல்லை, புள்ளிச் சண்டை. ஒருவனுடைய கைபேசிக்கு எட்டு இலட்சம் புள்ளியாம். மற்றவனுடையதற்கு ஒன்பது இலட்சத்துச் சொச்சமாம். கைபேசிக்குள் ஏதோ ஒன்றை இறக்கினால், அது கைபேசியை ஓடவிட்டுப் பார்த்துப் புள்ளி போடுமாம்.

"உன்ரை சூடாகுது மச்சான்."

"உன்ரை சூடாகாது. வேலை செய்தால்தானே சூடாகிறதுக்கு."

நான் இருவருக்கும் நடுவில் இருந்தேன். எழும்ப இடமில்லை. ஆகையால் கேட்டேன்.

"தம்பி, அது கணக்குச் செய்து வாற விடை என்ன?"

"விடை எண்டு ஒண்டும் காட்டாது ஐயா. புள்ளி மட்டும்தான்."

"அப்ப அது போய்த் தொட்டதெண்டு எப்பிடித் தெரியும்?"

"எதைத் தொட்டது?"

"அக்கரையை."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "ஐயாவுக்கு அலை ஒத்துக்கொள்ளேல்லைப் போல" என்றான் ஒருவன். சண்டை நின்றது. என்னைப் பற்றி இருவரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

இதே வேலையைக் கொழும்பில் பதினெட்டு வருடம் செய்தவன் என்று சொன்னேன். நம்பவில்லை. இறங்குமுன் கொஞ்சம் நம்பினார்கள். அவர்களில் மூத்தவன் யாழ்ப்பாணத்தில் ஒரு கொம்பியூட்டர் கந்தோரில் வேலை செய்கிறான். தங்கள் கந்தோர் மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னான். நான் எட்டாம் வகுப்பு. எழுத ஒரு மாதம் பிடித்தது. பக்கமும் கூடிவிட்டது.

என் பெயர் அம்பலம். ஊர் அனலைதீவு. வீட்டில் புகையிலைத் தோட்டம். பத்தொன்பது வயதில் கொழும்புக்குப் போய் ஊர்க்காரர் ஒருவரின் கடையில் மூன்று வருடம் நின்றேன். கடை பூட்டுப்பட்டது. பிறகு ஒரு கொம்பனியின் களஞ்சியத்தில் பெட்டி தூக்கச் சேர்ந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. கந்தோர்கள் கொம்பியூட்டர் வாங்கத் தொடங்கிய காலம். எதை வாங்குவது என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் கொம்பனி எல்லா இயந்திரத்தையும் ஓட்டிப் பார்த்து, எது வேகம் என்று அறிக்கை எழுதிக் கொடுக்கும். களஞ்சியம் நிலத்துக்குக் கீழே. சோதனை அறை மூன்றாம் மாடியில். மின்தூக்கி இருந்தது. அது வேலை செய்த நாட்கள் எனக்கு ஞாபகம் இல்லை.

சோதனைப் பகுதிக்குத் தலைவர் சபாநாதன் ஐயா. யாழ்ப்பாணப் பட்டினத்து ஆள், பொறியியலாளர். ஒரு நாள் பெட்டியை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினேன். கதிரையில் இருந்தபடி கேட்டார்.

"நீர் எவ்வளவு படிச்சனீர்?"

"எட்டு."

"இங்கிலீஷ்?"

"எழுத்துத் தெரியும். கூட்டி வாசிக்கத் தெரியாது."

"இதுகளிலை எது நல்ல இயந்திரம் எண்டு நினைக்கிறீர்?"

"பாரம் குறைஞ்சது."

கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப்பட்டியின் நுனியால் துடைத்தார். திரும்பப் போட்டார்.

"நாளையிலை இருந்து இஞ்சை வாரும்."

காரணம் பிறகுதான் தெரிந்தது. புரோகிராம் எழுதும் தவமலர் மிஸ் சொன்னா. எனக்கு முன் இருந்த இரண்டு பேரும் படித்தவர்கள். ஆளுக்கொரு இயந்திரத்தில் விருப்பம். விருப்பமான இயந்திரம் ஓடினால் நேரம் அளக்கிற ஸ்டொப்வோச்சைக் கொஞ்சம் முந்தி அமத்துவார்களாம். "படிச்சவையின்ரை விரல் சாயுது. உந்த ஆளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. விரல் நேராய் நிக்கும்" என்று ஐயா சொன்னாராம். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். மாடிப்படி குறைந்தது.

பழக்கியது ஒரு கிழமை. பழகியது ஒரு வருடம். வேலை இதுதான்.

காலை எட்டு மணிக்கு வானொலியில் நேரம் சொல்லும். அந்த ஒலியுடன் ஸ்டொப்வோச்சைச் சரி பார்க்க வேண்டும். சாவி இருபது முறுக்கு. இருபத்தொன்று கூடாது. இயந்திரத்தை அரை மணித்தியாலம் சும்மா ஓடவிட வேண்டும், சூடேற. மின்விசிறி ஒரே வேகத்தில் நிற்க வேண்டும். தேத்தண்ணி உள்ளே வரக் கூடாது. பிறகு, இடது கைச் சுட்டுவிரல் விசையில், வலது கைப் பெருவிரல் ஸ்டொப்வோச்சில். இரண்டும் ஒன்றாக அமத்த வேண்டும். இயந்திரம் கணக்கை முடித்ததும் திரையில் சின்னக் கோடு ஒன்று வந்து மின்னும். கண்டதும் பெருவிரல். இப்படி மூன்று தரம். மூன்றில் நடு நேரம் எதுவோ அதை எழுத வேண்டும்.

"கூடினதும் வேண்டாம், குறைஞ்சதும் வேண்டாம். நடுவானதை எழுதும். கண்டதை எழுதும். நினைச்சதை எழுதாதையும்." இதை ஐயா ஒவ்வொரு திங்கட்கிழமையும் சொல்வார். மறந்திருப்பேன் என்று இல்லை. திங்கட்கிழமை என்றபடியால்.

கணக்கு எப்போதும் ஒன்றுதான். ஒரு எண்ணைப் பெருக்கு, பிரி, கூட்டு. வந்ததைத் திரும்பப் பெருக்கு, பிரி, கூட்டு. இப்படி ஒரு இலட்சம் தரம். மிஸ் எழுதுவதை இயந்திரம் நேரே விளங்கிக்கொள்ளாது. நடுவில் கொம்பைலர் என்று ஒன்று வேண்டும். அதுவும் ஒரு புரோகிராம்தான், மெல்லிய கறுப்புத் தட்டில் வரும். மிஸ் எழுதியதை இயந்திரத்தின் பாஷைக்கு மாற்றிக் கொடுக்கும். படித்த வாசகர்களுக்கு இது தெரியும். எனக்கு விளங்கின விதம் வேறு. இயந்திரம் வள்ளம். கொம்பைலர் வள்ளக்காரன். ஒரே வள்ளத்தை இரண்டு பேர் ஓட்டினால் ஒரே நேரத்தில் வந்து சேராது.

அறிக்கைத் தாளில் மூன்று நிரல். இயந்திரம், கொம்பைலர், நேரம். ஐயாவே அடிமட்டம் வைத்துக் கோடு போடுவார். கீழே அவருடைய கையெழுத்து. நான் எழுதுவது துண்டுத் தாளில், அதைப் பார்த்து எழுதுவது அவர்; வேறு ஒருவரும் அறிக்கையில் பேனை வைக்க ஏலாது.

விடைக்கு நிரல் இல்லை. முதலில் மிஸ் எழுதிய புரோகிராம் கடைசியில் விடையைத் திரையில் காட்டியது. ஐயா அந்த வரியை எடுக்கச் சொல்லிவிட்டார்.

"ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு வேகத்திலை எழுதும். அந்த நேரம் கணக்கிலை கலக்கக் கூடாது. விடை எனக்குத் தேவையில்லை. நான் பார்க்கிறது நேரம்."

ஐயா சத்தம் போட்டதை நான் கேட்டதில்லை. நல்லது என்று சொன்னதையும் கேட்டதில்லை. அவருக்கு ஒரே ஒரு பலவீனம், கிரிக்கெட். நேரம் பார்க்கிற சாட்டில் வானொலி மேசையிலேயே இருக்கும், மெல்லிய சத்தத்தில். ஆனால் இயந்திரம் கணக்குச் செய்யத் தொடங்கினால் வானொலி கர்ர் என்று இரையும். வர்ணனை ஒன்றும் கேளாது. அந்த நேரம் ஐயா கூரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். கோடு மின்னியதும் வர்ணனை திரும்பும். அதற்குள் யாராவது ஆட்டமிழந்திருப்பார்கள். யார் என்று தெரியாது. அவர் என்னைப் பார்ப்பார். நான் என்ன செய்ய?

இப்போது என் கலியாணக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். பெண் நயினாதீவு. பேச்சு வந்தபோது எங்கள் பக்கம் சொன்னது, மாப்பிள்ளை கொழும்பில் கொம்பியூட்டர் சோதிக்கிறார் என்று. அது பொய் இல்லை. பெண்ணின் தகப்பன் ஒரு நாள் நேரே கேட்டார்.

"தம்பி, கொம்பியூட்டர் பிழை விட்டால் நீர் பிடிப்பீரோ?"

"ஓம்" என்றேன்.

அது பொய். நான் பிடித்தது ஸ்டொப்வோச் மட்டும்தான். அவர் சம்மதித்தார். நாளும் வைத்தாயிற்று.

கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அந்த மூன்று இயந்திரங்கள் வந்தன. ஒரு அரசாங்கக் கந்தோருக்கு. பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளைக் கூட்டிப் பிரிக்க வேண்டுமாம். அறிக்கை வெள்ளிக்கிழமை போக வேண்டும். திங்கட்கிழமை ஐயா கண்டிக்கு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார். மிஸ்ஸுக்கு லீவு. புரோகிராம்களைத் தட்டில் தயாராக வைத்துவிட்டுப் போயிருந்தா. நான் தனியே ஓட்டினேன்.

முதலாவது, பழைய வகை. நாலு நிமிடம் பன்னிரண்டு விநாடி. இரண்டாவது, புதிய வகை. ஒரு நிமிடம் முப்பத்தெட்டு. மூன்றாவதும் புதிய வகைதான். கொம்பைலரும் புதிது, அதே விற்பனைக்காரர் கொண்டுவந்தது. விசையையும் ஸ்டொப்வோச்சையும் ஒன்றாக அமத்தினேன். கோடு மின்னியது. பெருவிரல் இன்னும் எழும்பவில்லை.

திரும்ப ஓட்டினேன். அதேதான். ஒன்பது தரம் ஓட்டினேன். கண்டதை எழுது என்பது கட்டளை. சுழியம் என்று எழுதினேன்.

பின்னேரம் விற்பனைக்காரர் றொபேட் வந்தார். கொழும்பு ஆள், எந்நேரமும் சிரித்த முகம். தாளைப் பார்த்தார். சிரிப்பு இன்னும் அகன்றது. வேறு ஒரு இடத்தில் காட்ட வேண்டும், வியாழக்கிழமை திரும்பக் கொண்டுவருகிறேன் என்று மூன்றாவது இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போகிற வழியில் அந்தக் கந்தோருக்கும் சொல்லிவிட்டாராம்.

செவ்வாய்க்கிழமை ஐயா தாளைப் பார்த்தார்.

"உது என்ன?"

"சுழியம் ஐயா."

"சுழியம் எண்டு ஒரு நேரம் இல்லை அம்பலம். கண் வெட்டவும் நேரம் பிடிக்கும்."

"கண் வெட்ட முதல் வந்திட்டுது."

"எத்தினை தரம்?"

"ஒன்பது."

"எந்த விரல்?"

காட்டினேன். வைத்தியர் பார்ப்பது போல் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"வியாழக்கிழமை இயந்திரம் வரும். நானே அமத்திப் பார்ப்பன். அதுவரைக்கும் நீர் களஞ்சியத்திலை நில்லும். விரலிலை பிழையெண்டால் பேந்து மேலை வரத் தேவையில்லை."

சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. மெல்லச் சொன்னார். நான் படி இறங்கினேன்.

களஞ்சியத்துக்குப் பொறுப்பு கிருபை அண்ணை. வாய்க்காரர்.

"என்ன கொம்பியூட்டர்காரர், இறங்கிட்டீர்?"

"ஓம்."

"கலியாணம் எப்ப?"

"வாற மாதம்."

"பெண் வீட்டுக்குச் சொல்லிட்டீரோ?"

"இல்லை."

"சொல்லாதையும். நான் வந்து பந்தியிலை சொல்லுறன். சாப்பிட்ட பிறகு."

இரண்டு நாள் பெட்டி அடுக்கினேன். பெருவிரலை அடிக்கடி பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. பெண்ணின் தகப்பன், அந்த நயினாதீவுக் கிழவர் கேட்ட கேள்வி மட்டும் காதுக்குள் நின்றது. புதன்கிழமை மத்தியானம் கிருபை அண்ணை கேட்டார்.

"திங்கட்கிழமை மட்ச் கேட்டனீரோ? எங்கடை ஆக்கள் அஞ்சாவது விக்கெட்டை எப்பிடிக் குடுத்தவங்கள்?"

"ஓடப் போய் பாதியிலை திரும்பி விழுந்தது" என்றேன். "அவர் ஓடினதும், மற்றவர் வேண்டாமெண்டு கத்தினதும், பந்து வந்ததும், முழுக்கக் கேட்டனான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த நேரம் நான் மூன்றாவது இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு இருந்தேன். ஒன்பது தரம். வானொலி ஒரு தரமும் இரையவில்லை. வர்ணனையில் ஒரு சொல் தவறவில்லை. பெட்டியைக் கீழே வைத்தேன்.

"என்ன?" என்றார் கிருபை அண்ணை.

"ஒண்டும் இல்லை. பாதிக்கடல்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. நான் விளக்கவும் இல்லை.

வியாழக்கிழமை இயந்திரம் வந்தது. மின்தூக்கி வேலை செய்யவில்லை. என்னைச் சோதிக்கிற இயந்திரத்தை நானே மூன்று மாடி தூக்கிக்கொண்டு போனேன். ஐயா, தவமலர் மிஸ், றொபேட் மூவரும் இருந்தார்கள். என்னை வாசலடியில் நிற்கச் சொன்னார் ஐயா.

அரை மணித்தியாலம் சூடேற விட்டார்கள். ஐயா இருபது முறுக்கு முறுக்கினார். அமத்தினார். கோடு மின்னியது. அவருடைய பெருவிரலும் எழும்பவில்லை. மூன்று தரம்.

"ஸீரோ சேர்" என்றார் றொபேட். "நான் அப்பவே சொன்னேன். ஸீரோன்னா ஸீரோதான்."

ஐயா என் பக்கம் திரும்பினார்.

"அம்பலம், உம்முடைய விரல் சரி. நாளைக்கு மேலை வாரும்."

அவ்வளவுதான். வேலை கிடைத்துவிட்டது. பேசாமல் நின்றிருக்கலாம். பேசாமல் நிற்பது எனக்கு நன்றாக வரும்.

ஐயா பேனையைத் திறந்தார். அறிக்கைத் தாளுக்கு மேல் பிடித்தார். பேனை இறங்கவில்லை. கண்டதை எழுது என்று எனக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் சொன்னவர். இப்போது கண்டதும் அவர், எழுத வேண்டியதும் அவர். சுழியம் என்று ஒரு நேரம் இல்லை என்பதும் அவர் சொன்னதுதான். றொபேட் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கொம்பியூட்டர் பிழை விட்டால் பிடிப்பீரோ என்று நயினாதீவுக் கிழவர் என் காதுக்குள் திரும்பவும் கேட்டார்.

"ஐயா, றேடியோவைப் போடட்டோ?" என்றேன்.

"இப்ப ஸ்கோர் கேக்கிற நேரமோ?"

"ஸ்கோருக்கில்லை."

அவர் என்னைப் பார்த்தார். யாரும் கேட்காமல் நானாகக் கதைத்தது அதுதான் முதல் தரம். தலையை ஆட்டினார். போட்டேன். சமையற் குறிப்பு போய்க்கொண்டு இருந்தது. கத்தரிக்காய்.

இரண்டாவது இயந்திரத்தை ஓட்டினேன். "கத்தரிக்காயை நீட்டுத் துண்டாக" என்ற இடத்தில் கர்ர் என்று இரைந்தது. ஒரு நிமிடம் முப்பத்தெட்டு விநாடி இரைச்சல். கோடு மின்னியபோது கத்தரிக்காய் வெட்டிப் பொரித்தாயிற்று.

மூன்றாவதை ஓட்டினேன். "உப்பு அளவாக இட்டு" என்றது வானொலி. திரும்ப ஓட்டினேன். "தேங்காய்ப்பால் விட்டு." திரும்ப ஓட்டினேன். "இறக்கி வைக்கவும்."

"கறி ஆகிவிட்டது" என்றா தவமலர் மிஸ்.

"இயந்திரம் வேலை செய்யேல்லை ஐயா" என்றேன். "இது பாதிக்கடல்."

"என்ன கடல்?"

"எங்கடை மாமாவின்ரை பட்டப்பெயர்."

ஐயா கதிரையில் சாய்ந்தார். "தீவாருக்கு எதுக்கும் ஒரு வள்ளக் கதை இருக்கும். சொல்லும்."

சொன்னேன். என் வாழ்க்கையில் நான் தொடர்ந்து கதைத்த நீளமான பேச்சு அது.

எங்கள் ஊரில் வருடம் ஒரு வள்ளப் போட்டி. அனலைதீவில் இருந்து எழுவைதீவுக்குத் துடுப்புப் போட்டுப் போய், கரையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். முன்னர் அவ்வளவுதான் விதி. ஒரு வருடம் கடலில் பனிப்புகார். இங்கே நின்றால் அங்கே தெரியாது. எங்கள் சின்னத்தம்பி மாமா முதலாவதாக வந்தார். சும்மா முதல் இல்லை. இரண்டாவது ஆள் வரும்போது மாமா குளித்து, உடுப்பு மாற்றி, வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தார். மாலை போட்டார்கள். பின்னேரம் எழுவைதீவில் இருந்து ஆட்கள் வந்தார்கள். தாங்கள் பார்த்தது நாலு வள்ளம், மாமாவின் வள்ளம் வரவே இல்லை என்றார்கள். ஊர் கூடிக் கேட்டது. மாமா சொன்னார், "ஆர் முதல் வாறது எண்டுதானே போட்டி? நான் முதல் வந்தனான். அங்கை போய் நிண்டதை ஆர் கேட்டது?" பாதிக்கடலில் திரும்பியிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அதில் பிழை இல்லை. கேளாத வேலையைச் செய்யவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருடத்தில் இருந்து எழுவைதீவுக் கரையில் ஒரு தடி நட்டு அதில் வெள்ளைத் துணி கட்டினார்கள். வள்ளத்துக்கு ஒரு துணி. துணியோடு வந்தால்தான் வந்தது கணக்கு. மாமாவுக்குப் பாதிக்கடலார் என்று பெயர் நிலைத்தது. தபால்காரரும் அப்படித்தான் கேட்பார்.

ஐயா சிரிக்கவில்லை. மிஸ்தான் முதலில் எழும்பினா.

"ஐயா, விடை காட்டிற வரியை நாங்கள் எடுத்திட்டம். விடையை ஒருத்தரும் பாக்கப் போறதில்லை எண்டு இந்தக் கொம்பைலர் கண்டுபிடிச்சிட்டுது. பேந்து ஏன் இலட்சம் தரம் பெருக்கிறது? முழுக் கணக்கையும் வெட்டி எறிஞ்சிட்டுது. மற்றக் கொம்பைலருகளுக்கு அந்தப் புத்தி இல்லை. சொன்னபடி மாடு மாதிரிச் செய்யுதுகள்."

"அந்த வரியை எடுக்கச் சொன்னது ஆர்?" என்றார் ஐயா.

மிஸ் தன் செருப்பைப் பார்த்தா. நான் கூரையைப் பார்த்தேன்.

"நான்தான்" என்றார் ஐயா.

கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தரம் நெடுநேரம் துடைத்தார்.

பிறகு ஒழுங்காகச் செய்தோம். முதலில் அந்தப் புதிய கொம்பைலரை இரண்டாவது இயந்திரத்தில் போட்டார்கள். விடை வரி இல்லாமல் ஓட்டினேன். அங்கேயும் சுழியம். றொபேட்டின் சிரிப்பு அந்த இடத்தில் குறைந்தது. மூன்றாவது இயந்திரத்தில் அதிசயம் ஒன்றும் இல்லை. வள்ளம் இல்லை, வள்ளக்காரன்.

அடுத்தது மிஸ் விடை வரியைத் திரும்ப எழுதினா. ஒரே ஒரு எண், கடைசியில் ஒரு தரம். அந்த ஒரு எண்ணை எழுத எந்தத் திரைக்கும் கண் வெட்டும் நேரம்கூடப் பிடிக்கவில்லை. ஐயா அதை மூன்று தரம் அளந்து பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

இப்போது மூன்றாவது ஓடியது. வானொலி கர்ர் என்றது. அந்தச் சத்தம் எனக்கு அன்று இனிமையாக இருந்தது. ஒரு நிமிடம் இருபத்தொன்பது. அதே கொம்பைலருடன் இரண்டாவது இயந்திரம் ஒரு நிமிடம் முப்பத்தொன்று. இரண்டு விநாடி வித்தியாசம். அது என் பெருவிரலாகவும் இருக்கலாம் என்று நானே சொன்னேன்.

"சேர், நான் ஸீரோன்னு கந்தோருக்குச் சொல்லிட்டேனே" என்றார் றொபேட்.

"திரும்பப் போய்ச் சொல்லும்" என்றார் ஐயா. "இந்த முறை அக்கரையைத் தொட்டிட்டு வந்தது எண்டு சொல்லும்."

அறிக்கைத் தாளை அவர் கிழிக்கவில்லை. அடிமட்டத்தை எடுத்தார். நேரத்துக்கு அடுத்ததாக இன்னொரு கோடு போட்டார். நாலாவது நிரல். மேலே விடை என்று எழுதினார். புது நேரங்களையும் விடைகளையும் நிரப்பினார். கீழே கையெழுத்து வைத்தார். பேனையை மூடாமல் என் பக்கம் நீட்டினார்.

"நீரும் வையும்."

"நானோ?"

"துணி கட்டினது நீர்தானே."

தமிழில் வைத்தேன்.  பேனையை மூடிக் கொடுத்தேன்.

களஞ்சியத்துக்குப் போய்ச் சொன்னேன். கிருபை அண்ணை ஒரு நிமிடம் யோசித்தார்.

"அப்ப பந்தியிலை நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றார். உண்மையாகவே கவலைப்பட்டார்.

அவர் சொல்லத் தேவை வரவில்லை. கலியாண வீட்டில் சின்னத்தம்பி மாமா சொன்னார். நான் கதையை அவருக்கு ஒரு தரம்தான் சொல்லியிருந்தேன். அவர் நயினாதீவில் வந்திறங்கிய நேரம் தொடக்கம், கொழும்பில் கொம்பியூட்டர்கள் தன்னாலேதான் திருந்தின என்று எல்லோருக்கும் சொன்னார். மாமனார் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, நீர் பிழை பிடிச்சது உண்மையோ?"

"ஓம்" என்றேன்.

இந்தத் தரம் பொய் இல்லை. மனைவி இப்போதும் கேட்பதுண்டு, அப்போ முதல் தரம் சொன்னது என்ன என்று. அந்த நேரம் நான் வானொலியைப் போட்டுவிடுவேன்.

அந்த நாலாவது நிரலைக் கந்தோரில் ஒருவரும் விடை என்று சொல்லவில்லை. துணி என்றார்கள். கடலே கண்டிராத ஆட்களும், தமிழ் தெரியாத ஆட்களும், "துணி வந்ததா" என்று கேட்பார்கள். ஐயாவும் அப்படித்தான் கேட்டார். சில வருடம் கழித்து ஒரு இயந்திரம் நல்ல வேகமாக ஓடி முடித்தது. துணியைப் பார்த்தால் வேறு யாருடையதோ துணி. விடை பிழை. அதையும் பிடித்தோம். பிறகு வந்த இயந்திரங்கள் என் பெருவிரலுக்கு எட்டாத வேகம். இயந்திரமே தன் நேரத்தைத் தானே பார்க்கத் தொடங்கியது. நான் திரும்பக் களஞ்சியத்துக்கு வந்தேன், இந்தத் தரம் பொறுப்பாக. வயது வர ஊருக்கு வந்துவிட்டேன்.

ஐயா இப்போது கனடாவில், மகளோடு. எண்பது தாண்டிவிட்டது. மாதம் ஒரு தரம் தொலைபேசி எடுப்பார். படகில் அந்தப் பொடியங்களைக் கண்ட கிழமையும் எடுத்தார். குரல் உற்சாகமாக இருந்தது.

"அம்பலம், வைத்தியர் என்னை நாளுக்கு ஐயாயிரம் அடி நடக்கட்டாம். மகள் கையிலை ஒரு மணிக்கூடு கட்டி விட்டிருக்கிறா. அது அடி எண்ணும். நேற்று ஆறாயிரம்."

"வெளியிலை குளிர் இல்லையோ ஐயா?"

"குளிர்தான்."

"கால் நோ?"

"இருக்கு."

"மட்ச் நடக்குதோ?"

 பின்னால் தொலைக்காட்சியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டது. ஒரு சொல் தவறாமல், தெளிவாக.

"ஐயா, கதிரையிலை இருந்து கையை ஆட்டுறியளோ?"

"மணிக்கூடு கேக்கேல்லையே, எங்கை நடந்தனீர் எண்டு" என்றார் ஐயா. சின்னத்தம்பி மாமாவின் குரல் மாதிரியே இருந்தது.

"துணி எங்கை ஐயா?"

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. அவர்கள் தெருவின் கடைசியில், போய்வர ஐயாயிரம் அடி தூரத்தில், ஒரு பேக்கரி இருக்கிறதாம். படத்தில் ஒரு பணிஸ், மேலே சீனி தூவியது. பாதி கடித்திருந்தது. கீழே ஐயா எழுதியிருந்தார்.

"தொட்டனான். மகளுக்குச் சொல்லாதையும்."

சீனி அவருக்கு வைத்தியர் மறித்தது. ஆனாலும் துணி துணிதான். ஒரு தாளில் படம் வந்த நேரத்தை எழுதி, பக்கத்தில் விடை பணிஸ் என்று எழுதி, கீழே கையெழுத்து வைத்து, அதைப் படம் எடுத்து ஐயாவுக்கு அனுப்பிவிட்டேன்.